தபசிலில் ஒரு நகரம்

கிரயப் பத்திரத்தின் கடைசிப் பக்கங்களில் 'சொத்து விவரம்' என்று ஒரு பகுதி வரும். பழைய பத்திர எழுத்தர்கள் இன்னும் அதைத் தபசில் என்றுதான் சொல்கிறார்கள். விற்பவர், வாங்குபவர், தொகை, நிபந்தனை எல்லாவற்றையும் கவனமாகப் படிப்பவர்கள்கூடத் தபசிலுக்கு வந்ததும் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் என் அக்கா பெசன்ட் நகரில் ஒரு பழைய அடுக்ககத்தில் வீடு வாங்கினாள். வரைவு கைக்கு வந்தபோது அவள் கண்ணில் முதலில் பட்டதே தபசில்தான்.

"என்னடா இது, ஊரூர் கிராமம்னு போட்டிருக்கு? நாம பெசன்ட் நகர்ல தானே வாங்குறோம்?"

எதிரே உட்கார்ந்திருந்த எழுத்தர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு சொன்னார்: "அது அப்படித்தாம்மா. பெசன்ட் நகர்னு ஒரு ஊரு கவர்மென்டுக்குக் கிடையாது."

மூன்றாவது மாடியில், லிஃப்ட் உள்ள ஒரு கட்டடத்தில், அறுநூற்றுச் சொச்சம் சதுர அடி கொண்ட வீடு ஒரு கிராமத்தில் இருக்கிறது. அன்றிலிருந்து கையில் கிடைக்கும் தென்சென்னைப் பத்திரங்களின் தபசில்களைப் படிப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. மாநிலம், மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், நான்கு எல்லை என்று மேலிருந்து கீழே இறங்கும் அந்தச் சில வரிகள் ஒரே காலத்தைச் சேர்ந்தவை அல்ல. ஒவ்வொரு வரிக்கும் ஒரு வயது. மேலே இருப்பது இளையது. கீழே போகப் போகப் பழையது. மாவட்டங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். சென்னையைப் பொறுத்தவரை தபசிலே நேர்மையான வரைபடம் என்பது என் எண்ணம்.

மேலிருந்து தொடங்கலாம். தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14இல். அந்த மாநிலத்துக்குள் இந்த நகரம் இருப்பதும் தானாக நடந்ததல்ல. ஆந்திரத்தைத் தனி மாநிலமாக்கும் கோரிக்கை எழுந்தபோது சென்னை யாருக்கு என்பதே பெரிய சண்டை. 1952 அக்டோபர் 19 அன்று பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் தொடங்கிய இடம் ராயப்பேட்டை நெடுஞ்சாலையில், மயிலாப்பூர்ப் பக்கம் இருந்த புலுசு சாம்பமூர்த்தியின் வீடு. டிசம்பர் 15 இரவு அவர் அங்கேயே இறந்தார். இந்தியாவின் மொழிவாரி மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் தொடக்கம் அந்த வீடுதான் என்று சொன்னால் அது மிகையில்லை. ஆனால் அந்த மரணத்தின் பயனாகப் பிறந்த ஆந்திரத்துக்கு, அவர் உயிர்விட்ட ஊர் கிடைக்கவில்லை. ம.பொ.சிவஞானமும் சென்னை மாநகராட்சியும் நகரத்துக்காக வாதாடினார்கள். இடைக்காலத் தலைநகராகவாவது சென்னை வேண்டும் என்ற யோசனையும் எடுபடவில்லை. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் கர்நூலைத் தலைநகராகக் கொண்டு தொடங்கியது. ஸ்ரீராமுலுவின் நினைவகம் இன்றும் அதே சாலையில் இருக்கிறது. சாலையின் இரண்டு பக்கமும் தமிழ்நாடு.

அடுத்த வரி, மாவட்டம். இங்கேதான் சென்னை மற்ற மாவட்டங்களிலிருந்து விலகுகிறது. மதுரை மாவட்டம் என்றால் மேலூர், உசிலம்பட்டி எல்லாம் சேர்ந்து வரும். கோவை என்றால் பொள்ளாச்சி வரும். ஊரும் அதைச் சுற்றிய நாடும் சேர்ந்ததே அங்கெல்லாம் மாவட்டம். சென்னைக்கு அப்படியொரு நாடு கிடையாது. மாநகராட்சியின் எல்லையே மாவட்டத்தின் எல்லை என்றுதான் நெடுங்காலம் இருந்தது. வயலும் ஏரியும் உள்ள எல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். நகரம் வளர வேண்டுமானால் பக்கத்து மாவட்டத்திலிருந்து ஒரு துண்டு வெட்டித்தான் ஆக வேண்டும். 1940களில் சைதாப்பேட்டை, அடையாறு, கோடம்பாக்கம் போன்றவை அப்படி வந்தன. 1970களின் இறுதியில் திருவான்மியூர், வேளச்சேரிப் பக்கம் வந்தது. 2011இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது மாவட்டம் பின்தங்கிவிட்டது. ஒரே மாநகராட்சி மூன்று மாவட்டங்களில் கிடந்தது. 2018இல்தான் மாவட்ட எல்லையும் விரிந்து இரண்டும் மறுபடி ஒன்றாயின. கொடுத்துக்கொண்டே இருந்த செங்கல்பட்டு 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாகி, பெயரையே இழந்து, 2019 நவம்பரில் தனி மாவட்டமாக மீண்டும் பெயரைப் பெற்றது. இன்று மாநிலத்தில் 38 மாவட்டங்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து செங்கல்பட்டு மாவட்டக் கலெக்டரின் கச்சேரி இருந்தது செங்கல்பட்டில் அல்ல, சைதாப்பேட்டையில். அடையாற்றங்கரை ஊரான சைதாப்பேட்டை அப்போது நகரத்துக்கு வெளியே இருந்ததால் அதில் தவறில்லை. சைதாப்பேட்டை நகரத்தோடு சேர்ந்த பிறகும் கலெக்டர் அங்கேயே இருந்தார். மதுராந்தகத்து விவசாயி தன் மாவட்டத் தலைநகரத்துக்குப் போக இன்னொரு மாவட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. 1960களின் இறுதியில்தான் தலைமையிடம் காஞ்சிபுரத்துக்குப் போனது.

அடையாறும் அப்படித்தான். பிரம்மஞான சபை 1882இல் அங்கே இடம் வாங்கிக் குடியேறியபோது அது வருவாய்க் கணக்கில் செங்கல்பட்டு மாவட்டத்துத் தோப்பு. சபையின் வெளியீடுகளில் 'அடையாறு, மெட்ராஸ்' என்று அச்சாகி அந்தப் பெயர் உலகம் சுற்றியது. ருக்மிணி தேவி 1936இல் அங்கே தொடங்கிய கலாக்ஷேத்ரா 1962இல் திருவான்மியூருக்கு மாறியபோதும் நகர எல்லையைத் தாண்டித்தான் மாறியது. இன்று 'சென்னையின் பண்பாடு' என்று நாம் சொல்வதில் பாதி, செங்கல்பட்டு மாவட்டத்தில் விளைந்தது.

தபசிலில் மாவட்டம் இரண்டு முறை வரும் என்பதையும் சொல்ல வேண்டும். வருவாய்த் துறைக்குச் சென்னை மாவட்டம்; பதிவுத் துறைக்குத் தென்சென்னைப் பதிவு மாவட்டம், அதற்குள் ஒரு சார்பதிவகம். இரண்டும் ஒன்றல்ல. ஒரே வீடு ஒரே நேரத்தில் இரண்டு மாவட்டங்களில் இருப்பது பத்திரத்தில் மட்டுமே சாத்தியம்.

வட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மயிலாப்பூர்–திருவல்லிக்கேணி, மாம்பலம்–கிண்டி, எழும்பூர்–நுங்கம்பாக்கம் என்று இரண்டிரண்டு ஊர்களைக் கோத்த பெயர்களே நெடுங்காலம் இருந்தன. நிர்வாகத்துக்காக யாரோ போட்ட முடிச்சு. ஊர்க்காரர் யாரும் தன்னை 'மாம்பலம்–கிண்டிக்காரன்' என்று சொல்லிக் கேட்டதில்லை.

அடுத்தது கிராமம். அக்காவைத் திகைக்க வைத்த வரி. நானும் இதில்தான் அதிக நாள் நின்றேன்.

வருவாய்க் கணக்கில் கிராமம் என்பது குடியிருப்பு அல்ல, ஒரு கணக்குப் புத்தகம். ஆற்காட்டு நவாப் 1763இல் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். என்ன கிடைத்தது என்று கம்பெனிக்குத் தெரிய வேண்டும் அல்லவா? தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஜாகீரின் ஏறத்தாழ 2000 கிராமங்களையும் அளந்து கணக்கெடுத்தார். ஒவ்வொரு கிராமத்திலும் எத்தனை வீடு, எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை, எத்தனை ஏரி, விளைச்சலில் கோயிலுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் தச்சருக்கும் வண்ணாருக்கும் போகும் பங்கு எவ்வளவு என்று அதில் இருக்கிறது. அதற்கு மூலமாக இருந்தவை ஊர்க் கணக்குப்பிள்ளைகளின் ஓலைகள். பிற்காலத்தில் தரம்பால் போன்றவர்கள் இந்தக் கணக்குகளைத் தோண்டியெடுத்து, பிரிட்டிஷ் ஆட்சிக்கு முந்தைய கிராமம் எப்படித் தன்னைத் தானே நடத்திக்கொண்டது என்று வாதிட்டார்கள். அந்த வாதத்தில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. பங்கு வாங்கியவர்களின் பட்டியல் யாருக்கு எவ்வளவு குறைவாகக் கொடுக்கப்பட்டது என்றும் சொல்கிறது. ஆனால் ஒன்று நிச்சயம். எல்லையும் எண்ணும் கொண்ட கிராமம் ஒருமுறை கணக்கில் ஏறிவிட்டால், அங்கே வயல் இருக்கிறதோ இல்லையோ, கணக்கு மூடப்படுவதில்லை.

இதற்கு நான் கண்ட மிக நல்ல சான்று சி.ஐ.டி. நகர்ப் பக்கத்துப் பத்திரங்களில் வரும் ஒரு பெயர்: 'கவர்மென்ட் ஃபார்ம் கிராமம்'. முதலில் பார்த்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். சைதாப்பேட்டையில் 1868இல் அரசு ஒரு மாதிரிப் பண்ணையையும் விவசாயப் பள்ளியையும் தொடங்கியது. அந்தக் கல்வி நிலையம் 1906இல் கோயம்புத்தூருக்குப் போய், இன்றைய வேளாண் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. கலப்பையும் மாடும் வாத்தியார்களும் நூறாண்டுகளுக்கு முன்பே கோவை போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பண்ணை இருந்த நிலம் மட்டும் அந்தப் பெயரில் கிராமமாகத் தங்கிவிட்டது. அங்கே ஃபிளாட் வாங்குகிறவர் ஒவ்வொருவரும் ஓர் அரசுப் பண்ணையில் 'பிரிபடாத பாகம்' வாங்குகிறார்.

இன்னும் விந்தை, 'தியாகராய நகர் கிராமம்'. ஒருநாளும் கிராமமாக இல்லாத ஒரு கிராமம் அது.

தி.நகர் எழும்புவதற்கு முன் அங்கே ஏரி இருந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரி. ஆங்கிலேயர்கள் அதை லாங் டேங்க் என்றார்கள். நகரத்தின் மேற்கு எல்லை வெகுகாலம் அந்த ஏரிதான். 1920ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்துக்குப் பிறகு, 1923 முதல் ஏரியை வடித்து மாம்பலம் குடியிருப்புத் திட்டம் போடப்பட்டது. நீதிக்கட்சி ஆட்சிக் காலம். 1925இல் மறைந்த அக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயர் புதிய நகருக்கு வந்தது. நடுவில் ஒரு பூங்கா, அதிலிருந்து பிரியும் சாலைகள், பலவற்றுக்கும் கட்சிக்காரர் பெயர்கள்.

அந்தப் பெயர்களை ஊர் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். பூங்காவுக்குப் பெயர் தந்த பனகல் அரசர் ராமராயநிங்கார் காளஹஸ்திக்காரர். உஸ்மான் சாலையின் முகம்மது உஸ்மான் தஞ்சாவூர்ப் பக்கம். டாக்டர் நாயர் சாலையின் டி.எம்.நாயர் பாலக்காட்டுப் பக்கம். பாண்டி பஜாருக்குப் பெயர் தந்த சௌந்தரபாண்டியனார் பட்டிவீரன்பட்டி. ஏதோ பாண்டிச்சேரிக் கடைத்தெரு என்று நினைத்துக்கொண்டு அங்கே புடவை எடுக்கிறவர்கள் இன்றும் உண்டு. நடேசன் பூங்காவின் சி.நடேசனார்தான் உள்ளூர், திருவல்லிக்கேணி. அன்றைய சென்னை ராஜதானியின் வரைபடத்தைச் சுருட்டி ஓர் ஏரிக்குள் போட்டது போல இருக்கிறது. இன்று காளஹஸ்தி ஆந்திரம், பாலக்காடு கேரளம். மாநிலம் சுருங்கிவிட்டது, தி.நகர் மட்டும் பழைய ராஜதானியின் அளவிலேயே நிற்கிறது.

ஏரியும் முழுதாகப் போய்விடவில்லை. நுங்கம்பாக்கத்தில் ஒரு பகுதிக்கு இன்னும் 'லேக் ஏரியா' என்று பெயர்; வள்ளுவர் கோட்டத்தின் பக்கத்துச் சாலை 'டேங்க் பண்ட் சாலை', அதாவது ஏரிக்கரைச் சாலை; மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ சாலை'. அந்தச் சாலையில் நின்று மேற்கே, கிழக்கே எந்தப் பக்கம் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரிவது எதிர்வீட்டு பால்கனி. 1976இல் திறந்த வள்ளுவர் கோட்டமும் ஏரித் தரையில் எழுந்ததே. நுங்கம்பாக்கம் பக்கமிருந்து தி.நகர் வழியாக நந்தனத்தில் அடையாற்றில் விழும் மாம்பலம் கால்வாய்தான் இன்று அந்தப் பள்ளத்தின் நீரை ஆற்றுக்குக் கொண்டுபோகிறது. 2021 நவம்பர் மழையில் தி.நகர்த் தெருக்களில் தண்ணீர் நின்றபோது, 'கடைத்தெருவுக்குள் வெள்ளம் புகுந்தது' என்று செய்தி வாசித்தார்கள். மேட்லி சுரங்கப்பாதையிலும் துரைசாமி சுரங்கப்பாதையிலும் ஆண்டுதோறும் நிற்கும் தண்ணீரை வைத்துப் பார்த்தால், கடைத்தெரு ஏரிக்குள் புகுந்தது என்பதே சரியான வரிசை.

மாம்பலம் என்ற பெயருக்கு இன்னொரு முகமும் உண்டு. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726இல் ஒரு பாலம் கட்டப்பட்டது. கட்டியவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். பரங்கிமலைக்கு யாத்திரை போகிறவர்கள் ஆற்றைக் கடக்கத் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். ஆங்கில ஆவணங்களில் அதன் பெயர் 'மார்மலாங் பாலம்'. மாம்பலத்தை வெள்ளைக்காரர் நாக்கு படுத்திய பாடு அது. அந்தக் காலத்தில் சைதாப்பேட்டையைவிட மாம்பலமே அறியப்பட்ட பெயராக இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே கட்டிய பாலத்துக்கு இந்த ஊரின் பெயர் வந்திருக்காது. 1966இல் புதிய பாலம் வந்து மறைமலையடிகள் பெயர் சூட்டப்பட்டது. பாரசீகம், ஆர்மீனியம், இலத்தீன் ஆகிய மூன்று மொழிகளில் பொறித்த பழைய கல் மட்டும் தப்பியது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் வந்து ஆறு பாலத்தின் மேலேறியபோது, தி.நகரும் சைதாப்பேட்டையும் கோட்டூரும் அடையாறும் வட்டம், கிராமம் எதுவும் பார்க்காமல் ஒரே நீர்ப்பரப்பாகின.

மயிலாப்பூருக்கு வருவோம். 'மயிலாப்பூர் கிராமம்' என்ற வரியைப் பார்த்து யாரும் திகைப்பதில்லை. பழைய ஊர், இருக்கத்தான் செய்யும் என்று விட்டுவிடுகிறார்கள். பழமையில் சந்தேகமில்லை. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி குறித்த மலியார்பா இதுதான் என்பது பல அறிஞர்களின் முடிவு. 1639இல் கம்பெனிக்காரர்கள் வடக்கே மணல்மேட்டில் இடம் வாங்கியபோது மயிலைக்கு வயது ஆயிரத்தைத் தாண்டியாகிவிட்டது. ஆனால் தபசிலின் பெயர்களிலேயே மிகப் பழைய இந்த ஊர்தான் இருந்த இடத்திலிருந்து நகர்ந்திருக்கிறது. கபாலீசுவரர் கோயில் கடலோரத்தில் இருந்ததென்பதைப் பழைய பாடல்கள் காட்டுகின்றன. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் சாந்தோமில் குடியேறிக் கோட்டை கட்டிய காலத்தில் அந்தக் கோயில் அழிந்தது. சாந்தோமில் தோண்டியபோது கோயில் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்தன. இன்று நாம் பங்குனியில் அறுபத்துமூவருக்குப் போய் நெரிசலில் நசுங்கும் கோயில், ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் உள்ளே தள்ளிக் கட்டியது. சாந்தோம் 1749இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஊர் நகர்ந்தது, சாமி நகர்ந்தது, பெயர் மட்டும் நகரவில்லை.

ஆக, ஒரே தென்சென்னைக்குள் நான்கு விதமான 'கிராமங்கள்'. இடம் பெயர்ந்த ஊர் ஒன்று, பண்ணை போன பின் மிஞ்சிய பெயர் ஒன்று, ஏரிக்குள் வரைபடம் போட்டு உண்டாக்கிய நகர் ஒன்று. நான்காவது, அக்கா வாங்கிய ஊரூர். பெயரே விசித்திரம், ஊர் என்ற சொல்லையே இரண்டு முறை சொல்லிப் பார்த்தது போல. பெசன்ட் நகர் வருவதற்கு முன்பு அங்கே ஒரு கிராமமும் மீனவர் குப்பமும் இருந்தன. பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் 1894இலிருந்து ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிகள் தொடங்கினார்; அவற்றின் வழிவந்த ஆல்காட் பள்ளி இன்றும் பெசன்ட் நகரில் இருக்கிறது. ஊரூர் குப்பத்தையும் ஆல்காட் குப்பத்தையும் சேர்த்து ஊரூர்–ஆல்காட் குப்பம் என்பார்கள். 1970களில் வீட்டுவசதி வாரியம் மணலில் தெருக்களைப் போட்டபோது அன்னி பெசன்ட்டின் பெயர் மேலே வந்து உட்கார்ந்தது. வாரியம் பெயர் வைத்தது மனைகளுக்கு. கணக்குப் புத்தகத்தில் மேலட்டை மாறவில்லை.

தபசிலின் கடைசி வரிகளைச் செக்குபந்தி என்பார்கள். வடக்கே இன்னது, தெற்கே இன்னது என்று நான்கு எல்லை. பழைய சர்வே எண் போய் டி.எஸ். எண் என்னும் நகர சர்வே எண் வந்துவிட்டாலும், கணினி வில்லங்கச் சான்று கொடுத்தாலும், செக்குபந்தி இல்லாமல் பத்திரம் நிற்பதில்லை. மாநிலம் எங்கே முடிகிறது என்பதில் சண்டை வந்தால் கமிஷன் போடலாம். அடுத்த வீட்டுச் சுவர் எங்கே முடிகிறது என்பதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்தான் சாட்சி. அக்காவின் வீட்டுக்கு மூன்று பக்கம் சாலை, ஒரு பக்கம் வேறு அடுக்ககம். எழுத்தர் அதை ஒரு நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டார்.

கிரகப்பிரவேசப் பத்திரிகையில் பெசன்ட் நகர், சென்னை 90 என்றே அச்சடித்தாள். பால் காய்ச்சிய மறுநாள் காலை கீழே ஒரு குரல் கேட்டது. அன்னக்கூடையில் மீனோடு ஓர் அம்மாள். அக்கா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "தினமும் வருவீங்களாம்மா? எங்கேர்ந்து வர்றீங்க?" என்றாள்.

"இங்கதாம்மா, ஊரூரு" என்று சொல்லி, கூடையை இறக்கி வைத்தாள் அந்த அம்மாள்.